முன்னூத்தி முப்பதும் எழுபதும்

நான் பாவு பிணைக்கிறவள். ஆரணியில் பட்டுத்தறி வைத்திருக்கிற வீடுகளில் என் கால் படாத வீடு குறைவு. ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் கடைசி இழைகளைத் தறியிலேயே விட்டுவைத்திருப்பார்கள். புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதனோடு சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. ஒன்றரை நாள் ஆகும், சமயத்தில் இரண்டு நாள். தறிக்குள் குனிந்து உட்கார்ந்திருக்கிறவளை வீட்டுக்காரர்கள் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுவார்கள். சண்டை போடுவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், சம்பந்தியை வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். எல்லாம் என் காதில் விழும். இதுவரைக்கும் எதையும் வெளியே சொன்னதில்லை. தனகோடி அண்ணன் வீட்டு விஷயத்தைச் சொல்கிறேன் என்றால், இனியும் உள்ளேயே வைத்திருக்க முடியவில்லை, அதனால்தான்.

தனகோடி அண்ணன் நல்ல நெசவுக்காரர். ஒரே ஒரு குறை, கை ஒரே சீராக நிற்காது. ஒரு நாள் தறிப் பலகையை இறுக்கி அடிப்பார், ஒரு நாள் தளர்த்திவிடுவார். சேலையைக் கொண்டுபோனால் முதலாளி லென்ஸ் வைத்து ஐந்து இடத்தில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை ஊடை, அதாவது குறுக்கு இழை, என்று எண்ணுவார். ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுப்பார். அறுபது வந்தால் சேலை பாஸ். அண்ணன் இதை நன்றாகப் பிடித்துக்கொண்டார். நேற்று ஐம்பத்து நாலு விழுந்திருந்தால் இன்றைக்கு அறுபத்தாறு போட்டு அடிப்பார். கணக்கு அறுபதில் வந்து நின்றுவிடும்.

நான் ஒரு தடவை கேட்டேவிட்டேன்.

"ஏண்ணா, இங்க அம்பத்தி நாலு, அங்க அறுவத்தி ஆறு. கட்டினவ உக்காந்து எழுந்தா அந்த அம்பத்தி நாலுல தானே பிரியும்?"

"ஆவரேஜ் அறுவது வருதா இல்லியா?"

"வருது."

"அப்புறம் இன்னாத்துக்கு நீ பேஜாரு பண்றே? நீ உன் இழைய பாரு கிருஷ்ணம்மா."

முப்பது வருஷமாக அந்த லென்ஸ் அவரைத் திருப்பி அனுப்பியதே இல்லை. அந்தத் திமிர் அவருக்கு உண்டு. திமிர் என்று சொன்னால் தப்பு. நம்பிக்கை.

அவர் மனைவி சூர்யகலா. நாற்பத்தாறு வயசு, என்னைவிட ஏழு வயசு சின்னவள். வாய் ஓயாது அவளுக்கு. ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே தெருவில் போகிற எல்லாரிடமும் பேசுவாள், மீன்காரரிடம் மீன் வாங்காமலே பேரம் பேசுவாள். ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. போன வருஷம் மாத்திரை போதாமல் ஊசிக்கு வந்துவிட்டது, காலையில் இருபது, சாயந்திரம் பதினாலு. மகள் தீபா செய்யாரில் ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருக்கிறாள். அவள்தான் விரலில் குத்திப் பார்க்கிற மிஷினை வாங்கிவந்து, நீளமான நோட்டு ஒன்றில் கோடு போட்டுக் கொடுத்தாள். குத்துவது, ஊசி போடுவது, எழுதுவது எல்லாம் அண்ணன் வேலை. ஞாயிற்றுக்கிழமை தீபா செல்போனில் கூட்டி வகுத்துச் சொல்வாள்.

டவுனில் பார்க்கிற டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்து ஒரு டெஸ்ட் எழுதுவார். அது மூன்று மாதச் சர்க்கரையின் ஆவரேஜைக் காட்டுகிற டெஸ்டாம். முதல் தடவை ஒன்பதரை வந்தது.

"மூணு மாச ஆவரேஜ ஏழுக்குக் கொண்டாங்க. அதான் முக்கியம்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஆவரேஜ் என்ற சொல் காதில் விழுந்ததும் அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இது நமக்குத் தெரிஞ்ச வேலையாச்சே என்று வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து சூர்யகலாவைச் சேலை மாதிரியே பார்க்க ஆரம்பித்தார். ராத்திரி முன்னூறு காட்டினால் மறுநாள் ஊசியை ஏற்றி, சோற்றைக் குறைத்து, அறுபது எழுபதுக்கு இறக்குவார். அறுபது காட்டிவிட்டால் அடுத்த வேளை ரெண்டு வாழைப்பழமும் காப்பியில் சர்க்கரையும் கொடுத்து ஏற்றுவார். ஏறினது எவ்வளவோ அவ்வளவு இறக்கணும். மூன்று மாதத்தில் ஒன்பதரை ஏழாகிவிட்டது. டாக்டர் சூப்பர் என்று சொன்னாராம். நோட்டைக் காட்டினீர்களா என்று கேட்டேன். வெளியே அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்களாம், அவர் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தாராம். அண்ணன் அந்த ரிப்போர்ட்டை எனக்குக் காட்டினார், தீபா பத்தாவது பாஸ் பண்ணின மார்க் ஷீட்டைக் காட்டியபோதுகூட அப்படிச் சிரிக்கவில்லை.

இந்த வைகாசியில் வந்தவாசியில் ஒரு கல்யாணம். மூன்று பேரும் போனார்கள். அங்கே சூர்யகலா ஒரு ஜாங்கிரி, அரை லட்டு, பாயாசம் எல்லாம் ஒரு கை பார்த்துவிட்டாள். பாவம், ஒரு வருஷமாக நாக்கு செத்துப்போயிருந்தவள். வீட்டுக்கு வந்து குத்திப் பார்த்தால் முன்னூற்று முப்பது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் அவர்கள் வீட்டுக்குப் பாவு பிணைக்கப் போனேன். தீபா விடியற்காலையிலேயே கம்பெனி பஸ்ஸில் போய்விட்டாள். அண்ணன் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சூர்யகலாவிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"மூணு மாசம் நான் கஷ்டப்பட்டு நிறுத்தி வெச்சிகினு கீறேன். நீ ஒரே பந்தியில எல்லாத்தையும் வழிச்சி வுட்டுட்ட."

"ஒரு ஜாங்கிரி தானேங்க தின்னேன்."

"முன்னூத்தி முப்பது! இன்னிக்கு எழுவதுக்கு எறக்கணும். எழுவதும் முன்னூத்தி முப்பதும் நானூறு. ரெண்டால வகுத்தா எறநூறுல நிக்கும். அப்புறம் ரெண்டு நாள்ல சரி பண்ணிடலாம்."

"இப்ப எவ்ளோ காட்டிச்சி?"

"நூத்தி அறுவத்தி எட்டு. இன்னும் நூறு எறங்கணும்."

இருபது போடவேண்டிய இடத்தில் முப்பத்தாறு போட்டார். என் கண்ணால் பார்த்தேன். ஊசியில் இருக்கிற கோடெல்லாம் எனக்கு என்ன தெரியும்? அவர் வாயால் "முப்பத்தாறு" என்று சொன்னதால்தான் தெரியும். "மத்தியானம் நான் வர்ற வரிக்கும் பச்சத் தண்ணியத் தவிர ஒண்ணும் தொடக்கூடாது" என்று அவளிடம் சொல்லிவிட்டு, ஊடைப் பட்டு வாங்க முதலாளி வீட்டுக்குக் கிளம்பினார். போகிற போக்கில் என்னிடமும் சொன்னார்.

"கிருஷ்ணம்மா, நீ பாவம் பாத்துகினு எதனா குடுத்துடாத."

"நான் எதுக்குக் குடுக்கறேன்" என்றேன்.

பாவு பிணைக்கும்போது ஃபேன் போடக்கூடாது. காற்றில் இழை பறக்கும், ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால் ஒரு நாள் வேலை போச்சு. சன்னலையும் சாத்தியிருப்போம். வைகாசி வெயிலில் அந்த அறை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கு முதுகெல்லாம் வேர்த்து ஊற்றியது. சூர்யகலா சுவரில் சாய்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வேர்த்தது. யாருக்குத்தான் வேர்க்கவில்லை?

எட்டரை மணிக்கு நான் டப்பாவைத் திறந்து இட்லி தின்றேன். நான்கு இட்லி, தொட்டுக்க வேர்க்கடலைச் சட்னி. அவள் எதிரில் உட்கார்ந்துதான் தின்றேன். அவள் டப்பாவையே பார்த்தாள்.

"சட்னி மணமா கீதுக்கா."

"ஒண்ணு தின்றியா?"

"வேணாங்க்கா. அவரு வந்து குத்திப் பாப்பாரு. ஏறியிருந்தா கத்துவாரு. மூணு மாச ஆவரேஜ் கெட்டுப்பூடும்."

"ஒரு இட்லிலயா கெட்டுப்பூடும்?"

"ஒரு ஜாங்கிரில கெட்டுப்போச்சே" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். நாலாவது இட்லியையும் தின்றுவிட்டு டப்பாவைக் கழுவி வைத்தேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ தடவை வற்புறுத்திச் சோறு போட்டவள் நான். அன்றைக்கு ஒரு இட்லியை எடுத்து அவள் வாயில் திணிக்க எனக்குக் கை வரவில்லை. அடுத்த வீட்டுக் கணக்கில் நமக்கு என்ன என்று இருந்துவிட்டேன்.

ஒன்பதரை இருக்கும். அவள் தாரைச் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், மறுபடியும் சுற்றுகிறாள்.

"இன்னா சூர்யகலா, தூக்கமா?"

"தீபாவுக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சி. ரிப்பன் எங்க வெச்சேன்?"

தீபாவுக்கு இருபத்து மூன்று வயசு. நான் வாய்விட்டுச் சிரித்தேன். கல்யாண வீட்டுக்குப் போய்வந்த அலுப்பு, அரைத் தூக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்தேன். "போய்ப் படுடி, கண்ணு சொருகுது ஒனக்கு" என்றேன். அவள் எழுந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள், உள் அறையில் வெறும் தரையில் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. நல்லாத் தூங்கட்டும் என்று நான் இழையைப் பார்த்தேன். அன்றைக்கு என் கை நன்றாக ஓடியது. பேச்சுக் கொடுக்க ஆள் இல்லாததால் மத்தியானத்துக்குள் இரண்டாயிரம் இழை தாண்டிவிட்டேன். இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் ஒன்றரை மணிக்கு வந்தார்.

"எங்க அவ?"

"தூங்குறாண்ணா. காலையிலருந்து தூங்குறா."

"எதனா தின்னாளா?"

"ஒரு வாய் தொடல."

அவருக்குச் சந்தோஷம். "தூங்கட்டும், எழுப்பாத. இன்னும் கொஞ்சம் எறங்கட்டும்" என்று சொல்லிவிட்டு, தானும் சாப்பிடாமல் திண்டில் சாய்ந்தார். அவள் பட்டினி கிடக்கிற நாளில் அவரும் பட்டினிதான். அதையும் சொல்லவேண்டும். அந்த ஆள் கெட்டவர் இல்லை.

இரண்டரைக்கு நோட்டையும் மிஷினையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் இங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சூர்யகலா. ஏ சூர்யகலா. கைய நீட்டு."

சத்தம் இல்லை. மிஷின் ஒரு தடவை கீச்சென்றது.

"கிருஷ்ணம்மா, இங்க வாயேன். மிஷின் ரிப்பேரா இன்னா பாரு. நம்பர் வரல. எல், ஓன்னு இங்கிலீசுல எழுத்து வருது."

நான் போனேன். அவள் உடம்பு தொப்பலாக நனைந்திருந்தது, தொட்டால் ஜில்லென்று இருந்தது. வாய் ஓரத்தில் எச்சில். குறட்டை என்று நான் நினைத்தது குறட்டை இல்லை, வேறு ஏதோ இழுப்பு. கன்னத்தில் தட்டினேன், கிள்ளினேன், முகத்தில் தண்ணீர் அடித்தேன். கண் பாதி திறந்தது. வெள்ளைதான் தெரிந்தது.

"ஐயோண்ணா, சர்க்கரை ஏறிடுச்சி போலக்கீதே!"

பாருங்கள் என் புத்தியை. சர்க்கரைக்காரி மயங்கினால் ஏறித்தான் மயங்குவாள் என்று நினைத்தேன். இறங்கினாலும் மயங்குவாள் என்று தெரியாது. சமையல்கட்டில் அரைக் கிலோ சர்க்கரை டப்பா நிறைய இருந்தது. ஒரு பிடி எடுத்து அவள் ஈறில் தேய்க்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அண்ணன் புது ஸ்ட்ரிப் போட்டு மறுபடியும் குத்தினார். மறுபடியும் அதே இரண்டு எழுத்து. தீபாவுக்குப் போன் போட்டார். ஷிப்டில் இருக்கும்போது போனை லாக்கரில் வைத்துவிடுவார்கள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான்தான் தெருவுக்கு ஓடி ஆளைக் கூப்பிட்டேன். யாரோ நூற்றெட்டுக்குப் போன் பண்ணினார்கள். ஆம்புலன்ஸில் வந்த பெண் மிஷினைப் பார்த்ததும் பதறிவிட்டாள்.

"லோன்னா ரொம்பக் கம்மின்னு அர்த்தம்மா. இருபதுக்கும் கீழ. எவ்ளோ நேரமா இப்டி இருக்காங்க?"

ஒன்பதரையிலிருந்து என்று எப்படிச் சொல்வேன்?

ஆரணியில் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி, அங்கிருந்து வேலூருக்குக் கொண்டுபோனார்கள். சர்க்கரை நூற்றுப் பத்துக்கு வந்தது. நூற்று இருபது வந்தது. அவள் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு சின்ன வயசு டாக்டர் அண்ணனைக் கூப்பிட்டார். தீபாவும் நானும் பக்கத்தில் நின்றோம். டாக்டர் அண்ணன் கொண்டுவந்திருந்த நோட்டை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். நாற்பத்தெட்டு. முன்னூற்றுப் பத்து. ஐம்பத்தைந்து. இருநூற்றுத் தொண்ணூறு.

"இத யாரு எழுதினது?"

"நான்தாங்க. ஆவரேஜ் கரெக்டா வெச்சிகினு வந்தேன். இவதான் கூட்டிப் போடுவா, நீங்களே பாருங்க."

"ஆவரேஜ் சரியாத்தான் இருக்குது ஐயா. ஆனா இதுல ஒரு நாள்கூட அவங்க அந்த ஆவரேஜ்ல இல்லியே. ஒண்ணு மேல இருந்திருக்காங்க, இல்லனா கீழ. இவ்ளோ கீழ போனா மூளைக்கு ஆகாரமே இல்ல. அன்னிக்கு அஞ்சு மணி நேரம் இருந்திருக்காங்க."

"இப்ப ஏத்திட்டீங்க இல்லீங்க? இன்னும் கொஞ்சம் ஏத்தினா அன்னிக்குக் கொறஞ்சது சரியாப் பூடாதுங்களா?"

டாக்டர் நோட்டை மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அப்டி சரி பண்ண முடியாது ஐயா. போனது போனதுதான்."

அண்ணன் தலையாட்டினார். அவருக்குப் புரியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. தீபாவுக்குப் புரிந்துவிட்டது. வராந்தா முனைக்குப் போய் நின்றாள். நான் போய்த் தோளைத் தொட்டேன்.

"அத்த, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நான்தான் கூட்டினேன். இந்த நாப்பத்தெட்டு, அம்பத்தஞ்சு எல்லாத்தையும் என் வெரலால அடிச்சேன். ஒரு தடவகூட அதப் படிக்கல. கடைசில வர்ற நம்பர மட்டும் பாத்தேன். கம்பெனில ஷூவுக்குள்ள வெக்கற ஒரு அட்ட தடிமன் கம்மியா இருந்தா, மத்த அட்டயெல்லாம் எப்டி இருந்தாலும், அந்த ஒண்ணத் தூக்கிப் போடுவோம். எங்கம்மாவுக்கு ஏன் அத்த எனக்குத் தோணல?"

எனக்குத் தோன்றியதா? தலையைத் தடவிக் கொடுத்தேன்.

இருபத்தொரு நாள் கழித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். உட்காரவைத்தால் உட்காருவாள். உதட்டில் ஸ்பூன் பட்டால் வாய் திறப்பாள். பேச்சு இல்லை. பார்வை நம்மேல் விழும், நம்மைப் பார்க்காது. தீபா சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு அம்மாவைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் செய்தாள். நான் பாதியில் விட்ட பாவை மறுபடியும் போய்ப் பிணைத்து முடித்தேன். அண்ணன் தறியில் உட்கார்ந்தார், நெய்தார். ஒரு விரல் அளவு நெய்வார், எழுந்துபோய் அவள் முகத்துக்கு எதிரில் உட்காருவார்.

"நான் யாரு சொல்லு. ஏ சூர்யகலா. நான் யாரு?"

ஆடி இரண்டாம் வெள்ளி அன்று நான் கூழ் கொண்டுபோயிருந்தேன். தீபா அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சூர்யகலா திடீரென்று, "தீபா" என்றாள். தெளிவாகச் சொன்னாள். நாங்கள் மூன்று பேரும் கேட்டோம். அண்ணன் தறியிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தார். தீபா அம்மாவின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, "இன்னாம்மா, இன்னாம்மா, சொல்லும்மா" என்று அழுதாள். அன்றைக்கு முழுக்க நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம், கூழ் ஆறிப்போனது. அவள் மறுபடியும் வாய் திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. அதற்குப் பிறகும் இல்லை.

வீட்டுக்கு வந்த நாற்பதாம் நாள் வேலூரில் காட்டச் சொல்லியிருந்தார்கள். வாடகைக்குக் கார் எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். அதே டாக்டர். அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், காலைத் தட்டினார். பிறகு கேட்டார்.

"வீட்ல பொதுவா எப்டி இருக்காங்க?"

அண்ணன் முந்திக்கொண்டார். "வெள்ளிக்கெழம பேசினாளுங்க. பொண்ணு பேரச் சொல்லிக் கூப்ட்டா. நல்லா தெளிவா, எப்பவும் கூப்டற மாதிரியே கூப்ட்டா. நாங்க மூணு பேரும் கேட்டோம். இன்னும் கொஞ்ச நாள்ல..."

டாக்டர் அவரைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தீபா பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா. பொதுவா?" என்றார்.

தீபா அப்பாவைப் பார்க்கவில்லை. "இப்டியேதான் சார். எப்பவும் இப்டியேதான்" என்றாள்.

டாக்டர் அதையே எழுதினார். இனி வேலூருக்கு அலையவேண்டாம், புண் வராமல் புரட்டிப் படுக்கவையுங்கள், ஆகாரம் புரை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பிவரும்போது கண்ணமங்கலம் தாண்டிவிட்டோம். அண்ணன் முன்சீட்டில் இருந்தார். பின்னால் நானும் தீபாவும் சூர்யகலாவை நடுவில் அணைத்துப் பிடித்திருந்தோம். அண்ணன் திரும்பாமலே கேட்டார்.

"ஏம்மா அப்டி சொன்ன? அந்த வெள்ளிக்கெழமய நீயும் சொல்லியிருந்தா அவரு எதனா மருந்து எழுதியிருப்பாரு இல்ல?"

"அவரு பொதுவா எப்டின்னு கேட்டாருப்பா. நாப்பது நாள்ல முப்பத்தொம்போது நாளு இப்டித்தான் கீது. எது நெறைய தடவ வருதோ அதத்தாம்ப்பா சொல்லணும்."

"அப்போ அந்த ஒரு நாளு?"

தீபா அம்மாவின் முந்தானையைச் சரிசெய்தாள்.

"அதையும் சேத்துக் கூட்டணும் இல்லம்மா? அவ கூப்ட்டது நெசந்தானே?" அவர் இப்போது என் பக்கம் திரும்பினார். "நெசந்தானே கிருஷ்ணம்மா?"

"நெசந்தாண்ணா" என்றேன்.

"கூட்டுப்பா. கூட்டிக்கோ" என்றாள் தீபா. "நாப்பதால வகுத்தா ஒண்ணும் நிக்காதுப்பா."

அவர் தோள் குலுங்கியது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டலாமா என்று கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வேண்டாம், போ என்று கைகாட்டினேன். எதிரே வைக்கோல் லாரி ஒன்று வந்தது. சூர்யகலா அதைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. லாரி எங்களைக் கடந்து போய்விட்டது. அவள் கண் அதன் பின்னால் போகவில்லை, முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.